ஆடு துளுக்கிடுச்சா?

கருத்து கேக்கப் போறாங்களாம், நம்ம கிட்ட. பூங்காவை இன்னா பண்ணலாம், குளக்கரையை எப்படி அழகு பண்ணலாம், மலையடிவாரத்துல எது இருக்கலாம், எது இருக்கக் கூடாதுன்னு பொதுமக்கள் வந்து சொல்லணுமாம். கேட்டதும் வாயில இருந்த வெத்தலை புரையேறிடுச்சி எனக்கு. எனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கும்போது எங்கப்பன் கூட என் கருத்தைக் கேக்கலை. இப்ப கவர்மெண்டு கேக்குது. போகாம இருக்க முடியுமா?

போங்க தம்பிங்களா, கட்டாயம் போங்க. ஆனா திருவண்ணாமலை கிரிவலப் பாதை ஓரத்துல உக்காந்து போற வர்றவங்களை எண்ணிகினே கிழவனானவன் சொல்றன், கொஞ்சம் காதுல வாங்கிகினு போங்க.

குலசாமிக்குக் கெடா வெட்டறோம். அருவா எறங்கறதுக்கு முன்னால ஆட்டுத் தலையில மஞ்சத்தண்ணி ஊத்தறோம் இல்ல? ஆட்டுகிட்ட உத்தரவு கேக்கறமாம். அது உடம்பை ஒரு உதறு உதறினா, "துளுக்கிடுச்சி, சாமி ஏத்துக்கிச்சி"ன்னு குலவை போடுவாங்க. துளுக்கலைன்னா? கயித்தை அவுத்து வீட்டுக்கு ஓட்டிகினு போன பங்காளியை நான் பார்த்ததில்லை. இன்னொரு சொம்பு ஊத்துவாங்க. காதுலயும் ரெண்டு சொட்டு விடுவாங்க. விடிகாலைக் குளிருல எந்த ஆடுதான் துளுக்காது? அங்க மசாலா அரைச்சாச்சி, பந்திக்கு இலை வந்து எறங்கியாச்சி. கருத்துக் கேட்புக் கூட்டம்னு நோட்டீசு பார்த்தாலே எனக்கு அந்தச் சொம்புதான் கண்ணுல நிக்கும். டெண்டர் விட்டாச்சி, பேவர் பிளாக்கு லாரி கெளம்பியாச்சி, அப்புறம் நம்ம தலையில ஒரு சொம்பு.

ஆனா ஒரு தடவை நம்ம பக்கத்து ஆடு துளுக்காம நின்னுச்சி.

கவுத்தி மலை, வேடியப்பன் மலை. வெளியூருலருந்து வர்றவங்க அண்ணாமலையாரைப் பார்த்துட்டு, மலையைச் சுத்திட்டு, இட்லி தின்னுட்டு பஸ் ஏறிடுவாங்க. பக்கத்துல இருக்கற இந்த மலைங்க பேரைக் கேட்டா ஆட்டோக்காரங்க கூட யோசிப்பாங்க. வேடியப்பன் யாருன்னா, செங்கம் பக்கம் நடுகல்லைத்தான் வேடியப்பன்னு கும்பிடுவாங்க. மாட்டை மீக்கப் போயி செத்தவனுக்கும், புலியோட மல்லுக்கட்டிச் செத்தவனுக்கும் நட்ட கல்லு. 1972-ல தமிழ்நாடு தொல்லியல் துறையே செங்கம் நடுகற்கள்னு புத்தகம் போட்டுது. அப்படிக் காவல் காத்தவன் பேரை வச்ச மலை. அதோட வயித்துல இரும்பு இருக்குதுன்னு கண்டுபுடிச்சிட்டாங்க. மாநில சர்க்காரோட டிட்கோவும் ஜிண்டால் கம்பெனியும் கூட்டு சேர்ந்து டிம்கோன்னு ஒரு கம்பெனி வச்சி, 325 ஹெக்டேர் காப்புக்காடு வேணும்னு கேட்டாங்க. ஏக்கர் கணக்குல எண்ணூறு. நாலு ஏக்கர்ல கடலை போட்டுட்டு நாலு பேர்கிட்ட பெருமை பேசற ஊருடா இது.

2008-ல கருத்துக் கேட்பு வச்சாங்க. மலையைச் சுத்தி இருக்கற ஊருங்கள்லருந்து சனங்க வந்து வேணாம்னாங்க. வேலை குடுக்கறோம்னாங்க, வேணாம்னாங்க. ரோடு வரும்னாங்க, இருக்கற ரோடே போதும்னாங்க. காட்டு நெலத்தை வேற வேலைக்கு மாத்தற இந்த விவகாரம், கோதவர்மன்ங்கறவரு போட்ட காட்டு கேசால சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சி. அந்தக் கோர்ட்டு வச்ச மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழு விசாரிச்சிட்டு, இந்தத் திட்டத்துக்கு எடம் குடுக்கக் கூடாதுன்னு எழுதுச்சி. மலை இன்னிக்கும் நிக்குது.

நம்ம தம்பிங்க இதைக் கேட்டா, "பார்த்தியா தாத்தா, போராட்டம் ஜெயிச்சிது"ம்பாங்க. கத்தினது எத்தனையோ பேரு, அத்தனை பேரும் ஜெயிக்கலையே. "வேணாம்"ங்கற வார்த்தை இங்க மினிட்சு நோட்டுல ஏறி இருந்துச்சி, அதான் வித்தியாசம். கேட்ட ஆபீசர் அடுத்த பொங்கலுக்குள்ள வேற ஜில்லாவுக்கு மாறிப் போயிடுவாரு. மந்திரி மாறுவாரு. பைலு மட்டும் அலமாரியில அப்படியே தூங்கும், எவனாவது தட்டி எழுப்பினா பேசும். அதுல உன் பேச்சு இருந்தா நீ பேசுவ. இல்லைன்னா உனக்காக அவங்களே பேசிடுவாங்க, "பொதுமக்கள் வரவேற்றனர்"னு.

அதனால அந்த நோட்டுதான் விஷயம். மைக்கு இல்லை.

2006-ம் வருஷத்து சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைன்னு ஒண்ணு இருக்குது. சொரங்கம், பெரிய ஆலை மாதிரி சமாச்சாரத்துக்கெல்லாம் அதுதான் சட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான் கூட்டத்தை நடத்தணும். கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவரோ தலைமை தாங்கணும். முப்பது நாள் முன்னாடியே பேப்பர்ல போடணும், அதுல ஒண்ணு நம்ம பாஷைப் பேப்பரா இருக்கணும். திட்ட அறிக்கையோட சுருக்கம் தமிழ்லயும் இருக்கணும். கூட்டத்தை வீடியோ எடுக்கணும். கடைசியில, பேசினது பூராவும் சுருக்கி நம்ம பாஷையில எல்லார் முன்னாடியும் சொல்லணும், அப்புறம்தான் கையெழுத்து. அந்த நடவடிக்கைக் குறிப்பை ஊராட்சி ஆபீசுல மாட்டவும் சொல்லுது. எல்லாம் எழுதி வச்சிருக்காங்க, நல்லாவே எழுதி வச்சிருக்காங்க.

அதுல குசும்பு எங்க தெரியுமா? இத்தனை பேரு வந்தாத்தான் கூட்டம்னு கணக்கே கெடையாது. நாலு பேரு வந்து, அதுல மூணு பேரு சாமியானா பந்தல்காரன் ஆளா இருந்தாலும் கூட்டம் நடந்தது நடந்ததுதான். நம்ம ஊரு கிராம சபைக்குக் கோரம் இருக்குது: சனத்தொகை 500 வரைக்கும்னா 50 பேரு, 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. தெருவிளக்குக்குத் தீர்மானம் போட நூறு பேரு வேணும். மலையை வெட்டலாமான்னு கேக்க ஒரு ஆளும் வேணாம்! நாம வீட்டுல உக்காந்து "அவங்க முடிவு பண்ணிட்டாங்க, போய் இன்னா ஆவப் போவுது"ன்னு சொன்னோம்னா, தண்ணி ஊத்தாமலே துளுக்கின ஆடு நாமதான்.

போனா எப்படிப் பேசணும்னும் சொல்லிடறன். நம்மாளுக்கு மைக்கு கெடைச்சா போதும், "மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களே, வருகை தந்திருக்கும்..."னு மேடையில இருக்கறவங்களுக்கெல்லாம் சால்வை போட்டு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிடுவாங்க. அடுத்து வர்றவரு எழுந்து எங்க தெருவுல சாக்கடை அடைச்சிகினு நாறுதும்பாரு. இன்னொருத்தரு முதியோர் பென்ஷனு. மேடையில இருக்கறவங்களுக்கு அப்ப வர்ற சந்தோஷம் இருக்குதே! சாக்கடைன்னதும் எல்லாரும் பேனா எடுத்து எழுதிக்குவாங்க, அக்கறையா. காட்டைப் பத்தி யாரும் வாயே தொறக்கலைன்னு அர்த்தம். எங்கடா எதைக் கேக்கறோம்னு இருக்குது இல்ல? சாக்கடைக்குத் திங்கக்கெழமை மனு நாள் இருக்குது, அங்க போயி கேளு.

இன்னொரு கூட்டம் வரும், டவுனுலருந்து, கதர் ஜிப்பா, துணிப்பை. நல்ல பசங்க, நெசமாவே அக்கறை இருக்கறவங்க. ஆனா "பல்லுயிர்ச் சூழல் மண்டலம்"னு ஆரம்பிச்சா எங்க ஆயா எழுந்து வெத்தலை துப்பப் போயிடும். அவங்க பேச்சை அவங்க பேசட்டும். நீ உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. எந்தக் கெணத்துல எந்த மாசம் வரைக்கும் தண்ணி நிக்குது, மலையிலருந்து எந்த ஓடை எந்த ஏரிக்கு வருது, மாடு எந்தப் பக்கம் மேயுது. இதெல்லாம் திட்ட அறிக்கை எழுதினவருக்குத் தெரியாது, ஏன்னா அவரு கார்லருந்து எறங்கியிருக்க மாட்டாரு.

இது மலை சமாச்சாரம். பூங்காவுக்கு வருவோம்.

நம்ம ஊரைச் சுத்தி எங்க பார்த்தாலும் கல்லு நட்டிருக்காங்க, நடுகல்லு இல்லை, மனைக்கல்லு. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினா ரோடு போக மிச்சத்துல பத்துல ஒரு பங்கு திறந்தவெளியா விடணும்னு விதி இருக்குது. பெரிய மனைப்பிரிவுன்னா அதைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கே குடுத்துடணும். வரைபடத்துல பச்சை கலர் அடிச்சி "பூங்கா"ன்னு எழுதியிருப்பாங்க. என் பேரன் மனை வாங்கின எடத்துலயும் ஒரு பச்சை இருந்துச்சி. நேர்ல போய் பார்த்தன். துரு புடிச்ச கேட்டு, அதுல பூட்டு. உள்ள சீமைக் கருவேலம் ஆள் ஒசரத்துக்கு. ஒரு சீசா, அதுல பலகை இல்லை, இரும்புத் தண்டு மட்டும் வானத்தைப் பார்த்துகினு நிக்குது. ஒரு மூலையில தண்ணித் தொட்டி, அடுத்த மூலையில புதுசா ஒரு புள்ளையாரு. மூணாவது மூலையில கட்சிக் கொடி. நாலாவது மூலையை யாரோ மாடு கட்ட வச்சிருந்தாங்க. குழந்தைங்க எங்கடான்னா, ரோட்டுல கிரிக்கெட்டு ஆடுதுங்க.

1959-லயே பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிங்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டுல தனிச் சட்டம் போட்டாச்சி. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லையில இருக்கற அந்த எடங்களையெல்லாம் பட்டியல் போட்டு வைக்கணும்னு அதுலயே இருக்குது. கருத்து கேக்க வர்றவங்க கிட்ட முதல் கேள்வியா அந்தப் பட்டியலைக் கேளுங்க தம்பி. "ஐயா, பூங்காவை எப்படி அழகு பண்ணலாம்னு கேக்கறீங்களே, மொத்தம் எத்தனை பூங்கா இருக்குதுன்னு முதல்ல காட்டுங்க." அப்புறம் அவங்க மொகத்தைப் பாருங்க.

அழகு பண்ற விதத்தையும் சொல்லணும். எந்தப் பூங்காவா இருந்தாலும் ஒரே படம்தான். தரையெல்லாம் சிமெண்டுக் கல்லு. மரம் இருந்தா அதைச் சுத்தி மேடை கட்டி கழுத்தை நெரிக்கறது. வாசல்ல "ஐ லவ்"னு போட்டு ஒரு செவப்பு இதயம், செல்ஃபி எடுக்க. நடுவுல எட்டு போடற நடைபாதை. லட்சக்கணக்கான சனங்க பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுத்தி நடக்கற ஊருல, நடக்கறதுக்குன்னு எட்டு! ஊருக்கு வேண்டியது நெழலுடா. புங்கன் நாலு, வேம்பு நாலு, குடிக்கத் தண்ணி, பொம்பளைங்களுக்குப் பூட்டாத கக்கூசு. இதைச் சொன்னா "எஸ்டிமேட்டு கம்மியா வருது"ம்பாங்க.

நெழலோட அருமை கிரிவலப் பாதையில தெரியும். சித்திரை மாசத்துல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நம்ம திண்ணையிலருந்து பாரு. செருப்பில்லாம வர்றவங்க தார் மேல கால் வைக்க முடியாம ரோட்டோரத்துல போட்டிருக்கற வெள்ளைக் கோட்டு மேல நடப்பாங்க, அதுல சூடு கொஞ்சம் கம்மி. மர நெழல் வந்ததும் நின்னு பாதத்தைத் தேச்சிக்குவாங்க. அப்படிப்பட்ட ரோட்டை அகலம் பண்றோம்னு மரத்துல கை வச்சாங்க. பேப்பர்ல வந்துச்சி. 2016-ல தென்மண்டல பசுமைத் தீர்ப்பாயம் தானா கேசு எடுத்து வேலையை நிறுத்தி வச்சிது. நம்ம ஊரு மரத்துக்காக மெட்ராசுல இருக்கற நீதிபதி எழுந்து நிக்கறாரு, நாம நீர்மோர் பந்தல் எங்க போடறதுன்னு சண்டை போட்டுகினு இருந்தோம்.

ஆபீசருங்களையே சொல்லிகினு இருந்தா நாம யோக்கியன்னு ஆயிடும். மலை மொட்டையா இருக்குதேன்னு 1980-கள் கடைசியிலருந்தே வெள்ளைக்காரங்களும் உள்ளூர் ஆளுங்களுமா குழி வெட்டி, தலையில தண்ணி சொமந்து கன்னு வச்சாங்க. நம்மாளு, "பாவம், வேலையத்தவங்க"ன்னுட்டு அந்தக் கன்னுலயே ஆட்டை விட்டாரு. பங்குனி பொறந்தா மலையில புல்லு காயும். ஒரு பீடித் துண்டு போதும், ராத்திரி பூராவும் மலை மேல நெருப்புக் கோடு ஓடும். தீபம்னு நெனைச்சி கன்னத்துல போட்டுக்கற வெளியூர் பக்தருங்க கூட உண்டு. பச்சைத் தழையை ஒடிச்சிகினு அணைக்க ஏறறவங்க நாப்பது பேரு, கீழ நின்னு செல்லுல படம் புடிக்கறவங்க நானூறு பேரு. காப்புக்காடுன்னு போர்டு வச்சா காடு தன்னைத் தானே காப்பாத்திக்குமா?

மலையடிவாரத்துல வீடு ஏறினப்ப யாரும் கருத்துக் கேட்புக் கூட்டம் போடலை. வீடு ஏற ஏற கரண்டு கம்பமும் கூடவே ஏறிச்சி. ஓட்டு கேக்கறவங்க படி ஏறிப் போனாங்க, சிமெண்டு ரோடு பின்னாலயே போச்சி. 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில, வ.உ.சி. நகர்ல மலைச்சரிவுலருந்து பாறையும் மண்ணும் எறங்கி வீட்டை மூடிடுச்சி. ஏழு பேரு. அதுல அஞ்சு புள்ளைங்க. இந்த எடத்துல எனக்கு நையாண்டி வரலை தம்பி. அந்த வருஷம் மகாதீபத்துக்கு பக்தருங்களை மலையேற விடலை. மலையடிவாரத்துல எது இருக்கலாம்னு இப்ப கேட்டா, அங்க இருக்கறவங்களை வச்சிதான் கேக்கணும். ஏழைங்களை மட்டும் எறக்கிட்டு, பெரிய எடத்துக் காம்பவுண்டைத் தொடாம வர்ற எந்தத் திட்டத்துக்கும் நான் தலையாட்ட மாட்டன்.

வெளியூரையும் கொஞ்சம் பாருங்க. ஒடிசாவுல நியாம்கிரி மலையில பாக்சைட்டு வெட்டலாமான்னு 2013-ல கிராம சபைங்களைக் கேக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட்டுது. பன்னெண்டு கிராம சபை கூடுச்சி. பன்னெண்டும் வேணாம்னுது. அங்க இருக்கற டோங்கிரியா கோந்து சனங்க எந்தக் காலேஜுல படிச்சாங்க? மதுரை பக்கம் அரிட்டாபட்டி, தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு 2022-ல பேரு வச்ச ஊரு. அடுத்த ரெண்டு வருஷத்துல, அதையும் உள்ள சேர்த்து டங்ஸ்டன் சொரங்கத்துக்கு ஏலம் விட்டுட்டாங்க. ஊரு ஊரா கிராம சபையில தீர்மானம் போட்டாங்க, சட்டசபையிலயும் தீர்மானம் போட்டாங்க, 2025 ஜனவரியில மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து பண்ணிடுச்சி. சட்டசபை தீர்மானத்துக்கு முன்னாடி வந்தது கிராம சபை தீர்மானம், மறந்துடாதீங்க.

நம்ம கோயிலையே 2002-ல தொல்லியல் சர்வே எடுத்துக்கறோம்னு முதல்கட்ட அறிவிப்பு போட்டாங்களே, அதுக்கும் ஆட்சேபணை சொல்ல ரெண்டு மாசம் டைம் உண்டு. அப்ப ஊரே கொதிச்சி எழுந்துச்சி, கேசு நடந்துச்சி, கடைசியில பின்வாங்கிட்டாங்க. கோயிலுன்னா எழுதத் தெரியுது. கோயிலுக்குப் பின்னால நிக்கற மலைன்னா கை வலிக்குது. அந்த மலைதான் சிவலிங்கம்னு நாமளே சொல்லிக்கறோம்.

சரி, நேரமாவுது. வீடு கிராமத்துல இருக்கறவங்களுக்கு வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரு 2024-ல மாநகராட்சி ஆயிடுச்சி, அதுக்குள்ள இருக்கறவங்களுக்கு ஏரியா சபை இருக்குது, தேதியை வார்டு கவுன்சிலர்கிட்ட கேட்டு வாங்கிக்கங்க. பேசறதுக்கு முன்னாடியே எழுதிகினு போங்க, ரெண்டு பிரதி. ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொண்ணுல சீல் வாங்குங்க. தீர்மான நோட்டுல நீ சொன்னது ஏறியிருக்குதான்னு வரி வரியா படிச்சிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு. மேல எழுத்தே இல்லாத வெத்துத் தாளை நீட்டி "வருகைப் பதிவுங்க"ன்னா, பேனாவுல இங்கி இல்லைன்னு சொல்லிட்டு வந்துடு.

இங்கிலீஷ் தெரிஞ்சவங்க ஒருத்தரு எங்கூட வாங்க. கேள்விப்பட்டது தமிழ்ல, கையில குடுத்த திட்ட அறிக்கை இங்கிலீஷ்ல இருக்குது. அதைப் படிச்சி முடிக்காம நான் வாயத் தொறக்கறதா இல்லை.